பார்க்கிங் செயலி: நல்லதுதான், எல்லை தாண்டாத வரைக்கும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் எங்கள் சுங்கை சிப்புட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும், பெரிய ஆஸ்பத்திரி, தீபாவளித் துணி என்று எதற்கெடுத்தாலும் காரை எடுத்துக்கொண்டு வேறொரு நகராண்மைக் கழக எல்லைக்குள் போயாக வேண்டும். அப்படிப் போகிற ஊர் ஒன்றின் பார்க்கிங் செயலியைப் பற்றித்தான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம். செயலி மோசமில்லை. கார் நம்பரைப் போட்டு நேரத்தைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது, நேரம் தீரப்போகிறது என்று கைப்பேசியே சத்தம் போடுகிறது. கூப்பனைச் சுரண்டிக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்த காலத்துக்கு எவ்வளவோ தேவலை.

ஆனால் அடுத்த ஊரில் இது செல்லாது. அங்கே வேறு செயலி, மறுபடி ஓடிபி, மறுபடி முன்பணம். எங்கள் மாமா கைப்பேசியில் இப்படி மூன்று செயலி, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று வெள்ளி (ரிங்கிட்) முடங்கிக் கிடக்கிறது. இத்தனைக்கும் கார் நம்பர் நாடு முழுக்க ஒன்றுதானே!

முடியாத காரியமா என்றால் இல்லை. பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், வடை போடும் அக்கா எண்ணெய்க் கறை படிந்த ஒரே ஒரு டூயிட்நவ் என்ற பொதுக் கட்டண கியூஆர் அட்டையைத்தான் தொங்கவிட்டிருக்கிறார், யார் எந்த பேங்க், எந்த வாலட் வைத்திருந்தாலும் ஸ்கேன் செய்து கட்டிவிட்டுப் போகிறார்கள். அது தானாக நடக்கவில்லை. பேங்குகளும் வாலட்டுகளும் ஒன்றோடொன்று பேசியாக வேண்டும் என்று நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2018-இல் விதி போட்டது, 2019-இல் பொதுவான கியூஆர் வந்தது, இப்போது சிங்கப்பூர், தாய்லாந்து, இந்தோனேசியாவோடும் இணைந்திருக்கிறது. கேடிஎம் ரயில் நேரங்களும் அப்படித்தான்: ஜிடிஎஃப்எஸ் என்ற பொது வடிவத்தில் அரசின் திறந்த தரவுத் தளத்தில் கிடக்கின்றன, எந்தச் செயலி வேண்டுமானாலும் எடுத்துக் காட்டலாம்.

பார்க்கிங்குக்கு அப்படி அதட்டிச் சொல்ல ஆள் இல்லை. 2025-இல் நடப்புக்கு வந்த தரவுப் பகிர்வுச் சட்டம் கூட்டரசு அமைப்புகளுக்கு மட்டும்தான். நகராண்மைக் கழகங்கள் மாநிலத்தின் கீழ் இருப்பவை. கார் நம்பர், இடம், முடியும் நேரம், இந்த மூன்றையும் எல்லாரும் ஒரே வடிவத்தில் பகிர்ந்துகொண்டால் ஒரு செயலி போதும். இதைச் செய்யாமல் விளக்குக் கம்பத்தில் கேமரா மாட்டி ஸ்மார்ட் சிட்டி என்று பலகை வைத்து என்ன பயன்?

ஐந்துக்கு இரண்டரை. நீங்கள் போவது அந்த ஒரு ஊருக்குத்தான் என்றால் தாராளமாக இறக்கிக்கொள்ளுங்கள், ஆனால் குறைந்தபட்சத் தொகையை மட்டும் போடுங்கள், மிச்சப் பணத்தைத் திரும்ப எடுக்கும் பட்டனை நானும் தேடிப் பார்த்துவிட்டேன், காணோம்.