எச்ஐவி, சிபிலிஸ் இரட்டைப் பரிசோதனை கிட்: வாங்கலாம், பென்சிலினோடு சேர்த்து

கர்ப்பிணியின் முதல் செக்கப்பிலேயே, விரல் நுனி ரத்தத்தில் எச்ஐவியையும் சிபிலிஸ் என்ற பால்வினைத் தொற்றையும் சேர்த்துப் பார்த்துவிடும் கிட் இது. கர்ப்பகாலப் பராமரிப்பில் முதல் பரிசோதனையாகவே இதைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் பரிந்துரைத்தது. எச்ஐவி பார்க்கும் பல இடங்களில் சிபிலிஸ் விட்டுப்போகும். சிபிலிஸால் கருவிலேயே குழந்தை இறப்பதும், குறைமாதத்தில் பிறப்பதும் அதனால்தான் தொடர்கின்றன. அந்த ஒரு காரணத்துக்காகவே இதை வாங்கலாம்.

செய்முறை எளிது. தப்பு நடப்பது சின்ன விஷயங்களில். உறையை முன்கூட்டியே பிரித்து வைத்தால் ஈரக்காற்றில் ஸ்ட்ரிப் கெடும். ஸ்பிரிட் காய்ந்த பிறகே விரலைக் குத்துங்கள். முதல் துளியைத் துடைத்துவிட்டு, அடுத்ததைக் குழாயின் குறி வரை எடுங்கள். விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து ரத்தம் நீர்த்துவிடும். ரத்தத்தோடு சேர்க்கும் திரவமான பஃபரின் பாட்டிலைச் செங்குத்தாகப் பிடியுங்கள். சாய்த்தால் துளியின் அளவு மாறும். ஒரு பிராண்டின் பஃபரை இன்னொன்றில் விடவே கூடாது. முடிவைப் பார்க்கும் நேரம் பெரும்பாலும் 15 முதல் 20 நிமிடம். கிட்டோடு வரும் தாளில் உள்ளதே கணக்கு. கூட்டம் மிகுந்த நாளில் பரிசோதனை அட்டை மேஜையிலேயே கிடக்கும், நேரம் தாண்டி எழும் கோட்டை யாராவது ரியாக்டிவ் (தொற்று இருக்கலாம்) என்று எழுதிவிடுவார்கள். அட்டையில் பெயரும் நேரமும் குறிப்பதும், டைமர் வைப்பதும் கட்டாயம். நேரத்துக்குள் வந்த கோடு எவ்வளவு மங்கலானாலும் ரியாக்டிவ்தான். பரிசோதனை சரியாக நடந்ததைக் காட்டும் கண்ட்ரோல் கோடு வராத அட்டை செல்லாது.

பெரிய குறை ஒன்று: சிபிலிஸ் பழைய தொற்றா, இப்போதுள்ளதா என்று இது பிரித்துச் சொல்லாது. சிகிச்சை முடித்தவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்கக் கோடு காட்டும்; அவர்களுக்கு ஆர்பிஆர் என்ற ரத்தப் பரிசோதனையின் டைட்டர்தான் (எதிர்பொருளின் அளவு) தேவை. ஏற்கெனவே எச்ஐவி மருந்து எடுப்பவர்களுக்கும் இது வேண்டாம். எச்ஐவி கோடு புதிதாக வந்தால், வேறு கிட்டுகளில் உறுதிசெய்யாமல் முடிவு சொல்லக்கூடாது.

சிபிலிஸ் கோடு வந்தால், பென்சிலின் ஒவ்வாமை உண்டா என்று கேட்டுவிட்டு, அன்றே பென்சாதின் பென்சிலின் 24 லட்சம் யூனிட் தசையில் போட வேண்டும். ஆர்பிஆர் வரட்டும் என்று அனுப்பினால் பலர் திரும்பி வருவதில்லை. தொற்றின் காலம் தெரியாவிட்டால் வாரத்துக்கு ஒன்றாக மூன்று ஊசி. பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே தொடங்கியிருக்க வேண்டும். அசித்ரோமைசின் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போதுமான அளவு போகாது, குழந்தைக்கு உதவாது. ஆகவே பென்சிலின் ஸ்டாக் இல்லாத இடத்தில் கிட்டை மட்டும் வாங்கி அடுக்காதீர்கள்.

கிளமிடியா, கொனோரியா, ஹெபடைட்டிஸ் பி எதுவும் இதில் தெரியாது. முதல் இரண்டுக்கும் யோனி ஸ்வாப் (பஞ்சுக்குச்சியில் எடுக்கும் மாதிரி) ஏற்றது. அதைத் தாயே எடுத்துக்கொள்ளலாம். நெகட்டிவ் வந்தவருக்கும் தொற்றும் வாய்ப்பு இருந்தால் கடைசி மூன்று மாதத்தில் மறுபடி பாருங்கள். கணவருக்குச் சிகிச்சை தராமல் விட்டால், ஊசி போட்ட தாய்க்கே தொற்று திரும்ப வரலாம்.