ரெய்டு கிளம்பவில்லை: ரன்னா, ஃபோர்ஸா, கிரியேட்டா?

திருப்பூர் பனியன் கம்பெனி டிசைன் ரூம்களில், ஒரு கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு நாலு டிஸ்க்கை ரெய்டு 5ஆக, அதாவது ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பும்படி, சேர்த்து வைத்திருப்பார்கள். கரண்ட் போய், யுபிஎஸ் பேட்டரியும் கைவிட்டால் மறுநாள் காலையில் அந்த ரெய்டு எழாது. ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் ஃபைலில் 'இன்ஆக்டிவ்' என்றிருக்கும். டிஸ்க் பெயர்களுக்குப் பின்னால் ஸ்பேருக்கான (உபரி டிஸ்க்) 'எஸ்' நிற்கும். டேட்டா போய்விட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. அடுத்து அடிக்கிற கமாண்டில்தான் அது போகும்.

முதலில் ஒவ்வொரு டிஸ்க்கிலும், லினக்ஸில் ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஅட்ம் கருவியின் 'எக்ஸாமின்' ஓட்டி, வருவதை முழுதாகப் பென்டிரைவில் சேமியுங்கள். பார்க்க வேண்டியது ஈவென்ட்ஸ் எண். அரேயின், அதாவது சேர்த்து வைத்த டிஸ்க் தொகுப்பின், நிலை மாறும்போதெல்லாம் அந்த எண் ஏறும். அரேயிலிருந்து கழன்ற டிஸ்க்கில் அப்படியே நின்றுவிடும். உதாரணத்துக்கு 48213, 48213, 48209, 31077 என்று வந்தால், கடைசி டிஸ்க் எப்போதோ கழன்றது, யாரும் கவனிக்கவில்லை. மூன்றாவது நேற்று ராத்திரி கழன்றது. இந்த எண்களைப் பார்த்துத்தான் ரன், ஃபோர்ஸ், கிரியேட் என்ற மூன்று வழியில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ரன்: நாலில் ஒன்று இல்லை, மீதி மூன்றின் எண்ணும் ஒன்று, ஸ்டேட் 'கிளீன்' என்றால் இது போதும். முதலில் அரேயை 'ஸ்டாப்' செய்துவிட்டு, 'அசெம்பிள்' உடன் 'ரன்' சேர்த்துக் கொடுங்கள். ஸ்டாப் செய்யாவிட்டால் டிஸ்க் பிஸி என்று திருப்பி அனுப்பும். ஸ்டேட் 'ஆக்டிவ்' என்றிருந்தால், அதாவது எழுதிக்கொண்டிருக்கும்போதே நின்றிருந்தால், ஒரு டிஸ்க் குறைந்த ரெய்டு 5ஐ ரன் மட்டும் போட்டுக் கிளப்ப முடியாது, கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) மறுத்துவிடும்.

ஃபோர்ஸ்: மேலே சொன்ன உதாரணத்துக்கு இதுதான் சரியான வழி. பின்தங்கிய டிஸ்க்கின் ஈவென்ட்ஸ் எண்ணை மற்றதோடு சமமாக்கி அரேயை எழுப்பும். நாலு எண் வித்தியாசம் என்றால் பெரும்பாலும் கடைசி நேரத்தில் எழுதிய சில ஃபைல்தான் கெடும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 48209 டிஸ்க்கின் சாட்டா கேபிள் லூஸாகி அது கண்ணிலேயே படாத நேரத்தில் ஃபோர்ஸ் கொடுத்தால், 31077 டிஸ்க்கை இழுத்துப் போட்டுக்கொள்ளும். பழையதும் புதியதும் கலந்து ஃபைல் சிஸ்டமே சிதறும். அதனால் கேபிளை மாற்றிப் பார்த்த பிறகு, வேண்டிய மூன்று டிஸ்க்கின் பெயரை மட்டும் கையால் எழுதிக் கொடுங்கள்.

கிரியேட்: 'திரும்ப உருவாக்கு, பழைய டேட்டா வந்துவிடும்' என்று பலர் சொல்வது இதைத்தான். சூப்பர்பிளாக்கையே, அதாவது ஒவ்வொரு டிஸ்க்கிலும் அரேயின் விவரம் இருக்கும் பகுதியையே, அழித்துப் புதிதாக எழுதுகிற வேலை இது. அசெம்பிளுக்கு டிஸ்க் வரிசை தேவையில்லை, அதனதன் இடம் சூப்பர்பிளாக்கிலேயே இருக்கிறது. கிரியேட்டுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்; நாலு டிஸ்க்குக்கு 24 வரிசை. மற்ற அளவுகளும் பழையபடியே பொருந்த வேண்டும். சங்க் அளவு (ஒரு டிஸ்க்கில் தொடர்ந்து எழுதும் துண்டு) பழைய எம்டிஅட்மில் தானாக 64 கேபி, இப்போது 512. டேட்டா ஆஃப்செட் (டிஸ்க்கில் டேட்டா தொடங்கும் இடம்) ஒரு வெர்ஷனில் 2048 செக்டர், இன்னொன்றில் 262144. டேட்டா சரியாக இருப்பதாகவே எடுத்துக்கொள் என்று சொல்லும் 'அஸ்யூம்-கிளீன்' மறந்தால் கடைசி டிஸ்க்கின் மேல் உடனே எழுதத் தொடங்கிவிடும். சூப்பர்பிளாக் உண்மையிலேயே அழிந்திருந்தால் மட்டும் இதைத் தொடுங்கள். அப்போதும் நேரடியாக வேண்டாம்.

ஃபோர்ஸுக்கும் கிரியேட்டுக்கும் பொதுவான பாதுகாப்பு ஓவர்லே. வேறொரு டிஸ்க்கில் ஸ்பார்ஸ் ஃபைல் (எழுத எழுத மட்டும் இடம் பிடிப்பது) போட்டு, அதை டிஸ்க் போலக் காட்டும் லூப் டிவைஸாக்கி, டிஎம்செட்டப் ஸ்னாப்ஷாட்டை ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் விரியுங்கள். எழுதுவதெல்லாம் அந்த ஃபைலுக்குப் போகும், அசல் டிஸ்க் அப்படியே இருக்கும். டிஸ்க் தன் நலத்தைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் பெண்டிங் செக்டர் (படிக்க முடியாத இடம்) தெரிகிற டிஸ்க்கை அதற்கு முன்பே, பழுதான டிஸ்க்கை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ கருவியால் புது டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட வேண்டும். கோயம்புத்தூர் போய் டிஸ்க் வாங்கிவர அரை நாள் ஆனாலும் பரவாயில்லை.

அரே எழுந்ததும் ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்து, பேட்டர்ன் ஃபைல்களை வெளியே எடுத்த பிறகே நாலாவது டிஸ்க்கைச் சேருங்கள். ரீபில்ட், அதாவது நாலாவதில் டேட்டாவை மறுபடி நிரப்பும் வேலை, மூன்று டிஸ்க்கையும் முழுதாகப் படிக்கும்; பாதியில் இன்னொன்று கழலலாம். சாதா டெஸ்க்டாப் டிஸ்க் என்றால், கெட்ட செக்டரோடு அது மல்லுக்கட்டும் நேரம் கெர்னல் காத்திருக்கும் 30 விநாடியைத் தாண்டும், உடனே அரே அதை வெளியே தள்ளும். டிஸ்க் ஏற்றுக்கொண்டால், அந்த மல்லுக்கட்டும் நேரத்துக்கு வரம்பு வைக்கும் எஸ்சிடி-இஆர்சியை 70 (விநாடியில் பத்தில் ஒரு பங்குக் கணக்கில்), அதாவது 7 விநாடி வையுங்கள். இல்லையென்றால் கெர்னல் டைம்அவுட்டை 180 ஆக்குங்கள்.