மால்பெக்கும் மே மாசமும்: ஐந்து வருஷக் கணக்கு

ஃப்ரிட்ஜுக்கு கேஸ் அடித்துவிட்டு மெக்கானிக் கிளம்பிய அன்று ராத்திரியே கொடுங்கையூர் நண்பன் போன் பண்ணினான். “மச்சான், மால்பெக் மால்பெக்னு சொல்லுவியே, அதுல எது வாங்கலாம், ரெண்டாயிரத்துக்குள்ள?” (மால்பெக் என்பது அர்ஜென்டினாவில் பேர்போன சிவப்பு ஒயின், அதைச் செய்கிற திராட்சைக்கும் அதே பெயர்.) கேட்ட நேரம் சரியில்லை. ஒன்றும் வாங்காதேடா என்று வள்ளென விழுந்து போனை வைத்துவிட்டேன். அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாக இதை எழுதுகிறேன்.

நான் ஐந்து வருஷமாக மாசத்துக்கு ஒரு பாட்டில் என்ற கணக்கில் சிவப்பு ஒயின் குடிக்கிறவன். அதற்கு முன்னால் எனக்கு ஒயின் என்றால் பெரம்பூரில் ரயில்வே ஆன்ட்டி வீட்டில் கிறிஸ்துமஸுக்குக் கொடுப்பார்களே, திராட்சையும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு ஜாடியில் 21 நாள் ஊறவைத்து, பட்டை கிராம்பு வாசனையோடு, அதுதான். பாயசம் மாதிரி இருக்கும். மற்றபடி ஒயின் ஷாப் என்று பெயர்தான் பெத்த பெயர், வாசலில் நிற்கிற நூறு பேரில் ஒயினுக்கு வந்தவர் ஒருத்தர் இருந்தால் அதிசயம், அந்த ஒருத்தரும் குடித்தால் கலர் வரும் என்று யாரோ சொல்லிக் கேட்டு வந்தவராக இருப்பார். (வராது. ஐந்து வருஷமாகப் பார்க்கிறேன்.)

கப்பலில் வேலை செய்கிற பெரியப்பா மகன்தான் முதல் மால்பெக்கைக் கொண்டுவந்தான். குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தேன். இனிப்பே இல்லை. இரண்டாவது வாயில்தான் பிடிபட்டது: நாவல்பழம். லேபிளில் ப்ளம், பிளாக்பெர்ரி என்று எழுதியிருப்பார்கள், பிளாக்பெர்ரியை நான் கண்ணாலும் பார்த்ததில்லை. ஸ்கூல் வாசலில் உப்புப் போட்டுத் தாளில் மடித்துத் தருவார்களே நாவல்பழம், தின்றதும் நாக்கு ஊதாவாகிக் கன்னத்தின் உள்பக்கம் ஒட்டிக்கொள்கிற மாதிரி இழுக்குமே, அதேதான். டானின் என்று அவர்கள் சொல்வது நம்ம துவர்ப்பு. அறுசுவையில் ஒன்றாக எண்ணிவிட்டு வாழைப்பூவோடு நாம் மறந்துபோன சுவை. மால்பெக்கில் அது கேபர்னே சாவின்யோன் என்கிற இன்னொரு சிவப்பு ஒயின் அளவுக்குக் கடிக்காது, ஓரத்தில் வந்து நிற்கும்.

அந்தத் துவர்ப்பு எதற்கு என்று வியாசர்பாடியில் வாங்கிவந்த மாட்டுக்கறி சுக்காதான் சொல்லிக்கொடுத்தது. மிளகு தூக்கலாக, காரம் மட்டாக, கொழுப்பு ஓரத்தில் முறுகிய துண்டு. கறியின் கொழுப்பு நாக்கில் படிந்ததும் ஒயினின் துவர்ப்பு மழுங்கிப்போகும், ஒரு வாய் ஒயின் இறங்கியதும் நாக்கு துடைத்துவிட்டது போலாகி அடுத்த துண்டு கேட்கும். அர்ஜென்டினாக்காரர்கள் மாட்டைத் தணலில் வாட்டிக்கொண்டு இதைக் குடிப்பது சும்மா இல்லை. இதே ஒயினைக் காசிமேட்டுச் சங்கரா மீன் குழம்போடு குடித்துப் பார்த்தேன், வாய் முழுக்கத் துருப்பிடித்த இரும்பு, மேலே மிளகாய் வேறு இரண்டு மடங்காக எரிகிறது. அந்த விஷப்பரீட்சை வேண்டாம்.

விலைக்கு வருவோம். மால்பெக் பிறந்தது பிரான்சில், அங்கே காஓர் என்ற ஊர்ப் பக்கம் இன்னும் அதுதான் பிரதானம். 1853-இல் மிஷேல் பூஜே என்ற பிரெஞ்சுக்காரர் அர்ஜென்டினாவுக்குக் கொண்டுபோனார். 1956-இல் பிரான்சில் அடித்த கடும்பனியில் அங்கே பாதிக்கொடிகளுக்கு மேல் கருகிப்போக, அர்ஜென்டினாவின் மெண்டோசா அதைச் சொந்தப் பிள்ளையாக்கிக்கொண்டது. ஆண்டிஸ் மலையடிவாரம், மழை ரொம்பக் குறைவு, உருகிவரும் பனித் தண்ணீர்ப் பாசனம். மழை குறைவாக இருப்பதால் பூஞ்சைத் தொல்லை குறைவு, மருந்துச் செலவும் குறைவு. இதுவும் ஒரு காரணமாக, உலகச் சந்தையில் இது மலிவில் நல்ல சரக்கு. நம்ம ஊருக்கு வரும்போது அந்த மலிவெல்லாம் காணாமல் போய்விடும், இறக்குமதி வரி பல வருஷமாக 150 சதவீதம். புதுச்சேரியில் விலை குறைவுதான், எல்லை தாண்டிக் கொண்டுவந்து மாட்டிக்கொள்வது உன் சமத்து.

கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் உயரத்தில், பகலில் வெயிலும் ராத்திரியில் குளிரும் தின்று வளர்ந்த இந்தச் சரக்கைக் கொண்டுவந்து தண்டையார்பேட்டையில் மொட்டைமாடிக்குக் கீழே இருக்கிற ரூமில் பீரோ மேல் படுக்கப்போட்டேன். என் தீராத எரிச்சல் இதுதான். ரூம் டெம்பரேச்சரில் குடியுங்கள் என்று எவனோ சொல்லிவைத்திருக்கிறான். அவன் ரூம் 17 டிகிரி. என் ரூமில் மே மாசம் ராத்திரி பத்து மணிக்குச் சுவரில் கை வைத்தால் தோசைக்கல் ஆறின பதத்தில் இருக்கும். அந்தச் சூட்டில் ஊற்றினால் பழ வாசனைக்கு முன்னால் ஸ்பிரிட் மூக்கில் ஏறும்.

அப்புறம்தான் ஃப்ரிட்ஜின் காய்கறி டிரேக்குக் குடிமாற்றினேன். கீரை எங்கே வைக்கிறது, இதென்ன ஐசியூவா என்று வீட்டில் கேட்டார்கள். ஒரு மூலையை மட்டும் பேசி வாங்கினேன். குடிக்க அரைமணி நேரம் முன்னால் வெளியே எடுத்தால் போதும், திறந்த பாட்டிலும் மூடி வைத்தால் மூன்று நாலு நாள் தாங்கும். நாலு வருஷம் நன்றாகத்தான் போனது.

போன மாசம் சித்தி மகள் கல்யாணத்துக்கு ஒரு வாரம் ஊருக்குப் போயிருந்தோம். வந்து கதவைத் திறந்தால் மீன் நாற்றம், ஃப்ரிட்ஜ் எப்போதோ செத்திருக்கிறது. டிரேயில் இரண்டு பாட்டில். கார்க் அரைவிரல் வெளியே தள்ளிக்கொண்டு நிற்க, கழுத்திலிருந்து பிசுபிசுவென்று சிவப்புக் கோடு இறங்கி, காய்ந்த வெண்டைக்காய் மேல் போய் முடிந்திருந்தது. மனசு கேட்காமல் ஒரு வாய் ஊற்றிப் பார்த்தேன். கொதிக்கவைத்த உலர்திராட்சை, பின்னாலேயே புளிப்பு. நாலாயிரம் ரூபாய் சிங்க்கில் போனது. இதற்கு அர்ஜென்டினாக்காரன் என்ன செய்வான் என்பது நியாயமான கேள்விதான், எனக்கு அன்று நியாயம் தேவைப்படவில்லை.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். சிலி நாட்டுச் சிவப்பு ஒயின் கார்மெனேர் நன்றாக இருக்கும், 1994 வரைக்கும் மெர்லோ என்ற வேறு திராட்சை என்று நினைத்து வளர்த்த கொடி அது, குடைமிளகாய் வாசனை லேசாக அடிக்கும், பிடிக்காதவர்களுக்குப் பிடிக்காது. ஆஸ்திரேலியாவின் ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினுக்கு, 2022 டிசம்பரில் அமலுக்கு வந்த இந்திய-ஆஸ்திரேலிய வர்த்தக ஒப்பந்தத்துக்குப் பிறகு வரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவருகிறார்கள், அதோடு பெரும்பாலும் கார்க் கிடையாது, திருகு மூடி. கார்க் எடுக்கிற திருகாணி தேடி ராத்திரியில் அலைய வேண்டாம். நம்ம நாட்டு நாசிக்கில் செய்கிற ஷிராஸ் பாதி விலைக்குக் குடிக்கலாம், குறை சொல்ல மனசு வரவில்லை.

ஆகவே நண்பா, இந்தத் துவர்ப்புக்கு ஈடு எனக்கு வேறு கிடைக்கவில்லை, மாட்டுக்கறிக்கு இதைவிட்டால் ஆள் கிடையாது, ஆனாலும் நீ மால்பெக் வாங்காதே. ஷிராஸ் வாங்கு. ஐப்பசியில் மழை பிடித்ததும் கேள், பார்க்கலாம். நான் வாங்குவேனா என்று கேட்காதே, நேற்றே ஒன்று வாங்கியாயிற்று.

இவ்வளவும் எழுதிவிட்டு அவனுக்கு போன் போட்டால், அன்றைக்கே வாங்கிவிட்டானாம், இரண்டு பாட்டில். எங்கேடா வைத்திருக்கிறாய் என்றேன். “பத்திரமாத்தான் மச்சான், இன்வெர்ட்டர் மேல.”