ஹைலக்ஸ், வி-கிராஸ் பின்பட்டை: கூடுதல் பிளேட்டா, முழுக் கட்டா, ஏர் பேக்கா?

டொயோட்டா ஹைலக்ஸும் இசுசு வி-கிராஸும் பின்பக்கம் பட்டையில், அதாவது லீஃப் ஸ்பிரிங்கில், நிற்கிற பிக்கப் வண்டிகள். கம்பெனி போட்டு அனுப்பும் பட்டைக் கட்டு சரக்கு ஏற்றுகிற கணக்கில் வளைத்தது. காலியாக ஓட்டும்போது பின்சீட்டில் இருப்பவரைத் தூக்கிப் போடுவது அதனால்தான். இந்தக் கட்டின் மேல் இன்னும் விறைப்பான ஒன்றைக் காலி வண்டிக்குப் போட்டால் கரடுமுரடான பாதையில் சக்கரம் தரையில் ஒட்டாது, வளைவில் வால் துள்ளி விலகும். செலவு செய்து வண்டியைக் கெடுத்துக்கொள்ள இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

எனவே பிராண்ட் கேட்பதற்கு முன்னால் எடை மேடைக்குப் போய் வாருங்கள். டேங்க் நிரப்பி, வழக்கமாக வரும் ஆட்களோடு, முன் ஆக்சிலுக்கு ஒரு சீட்டு, பின் ஆக்சிலுக்கு ஒரு சீட்டு. கேனோபி (பின்தொட்டியை மூடும் கூடு) சுமார் 60 கிலோ, கூரைக் கூடாரம் 60, டிராயர் 65, இரண்டாவது பேட்டரி 25, ஃப்ரிட்ஜ் 20, தண்ணீர் 40 லிட்டர் என்றால் 40. கூட்டிப் பார்த்தால் 270 கிலோ. இதில் எவ்வளவு வண்டியை விட்டு இறங்கவே போவதில்லை என்பதை வைத்துத்தான் மற்ற எல்லாமே.

மலிவான வழி கூடுதல் பிளேட். மெயின் பிளேட்டுக்குக் கீழே அதிக வளைவுள்ள ஒரு பட்டையைச் செருகினால் 25 முதல் 40 மி.மீ. வரை உயரம் கிடைக்கும். நாமக்கல், சங்ககிரி பக்கத்துப் பட்டறைகளில் லாரிக்குச் செய்து கைபழகிய வேலை. ஆனால் அளவு தெரிந்து போட வேண்டும். பட்டையின் விறைப்பு தடிமனின் முப்படிக்கு ஏற்ப ஏறும்: அதே நீள அகலத்தில் 6 மி.மீ. பட்டையைவிட 7 மி.மீ. பட்டை சுமார் 59 சதவீதம் விறைப்பு. குட்டையான பட்டை செருகினால் அதன் முனை முடியும் இடத்தில் அழுத்தமெல்லாம் மேல்பட்டையில் குவியும். பிறகு ஒருநாள் அதே இடத்தில் மெயின் பிளேட் முறியும். செருகுவதென்றால் நீளப் பட்டை, முனை மெலிந்து தீட்டியதாக இருக்கட்டும். பழைய கட்டையே சுத்தியலால் அடித்து வளைத்துத் தருவதும் உண்டு. மறுபடி சூடேற்றிப் பதம் வைக்காத பட்டை சில மாதத்தில் பழையபடி படுத்துவிடும், அதற்குக் கூலி கொடுக்காதீர்கள்.

முழுக் கட்டு மாற்றுவதுதான் நிரந்தரச் சுமைக்குச் சரியான பதில். ஏ.ஆர்.பி.யின் ஓல்ட் மேன் எமு, டாபின்சன்ஸ், அயர்ன்மேன், டஃப் டாக் எல்லாமே ஆஸ்திரேலியக் கம்பெனிகளின் சரக்கு. அங்கே பிக்கப்பை வீடாகவே மாற்றிக்கொண்டு பாலைவனம் கடப்பவர்கள் நிறைய இருப்பதால், கூடுதல் சுமை இல்லை, 300 கிலோ, 500 கிலோ என்பது போல நிரந்தரச் சுமையின்படி கட்டுகளைப் பிரித்து விற்கிறார்கள். உங்கள் கணக்கு இரண்டு நிலைக்கு நடுவில் நின்றால் கீழ்நிலையை எடுங்கள். வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போய்வந்து, மாதத்துக்கு ஒருமுறை காடேறும் வண்டிக்கு 500 கிலோ கட்டு வேண்டவே வேண்டாம். விறைப்பு கூடினால் திரும்பித் தள்ளும் விசையும் கூடும். பழைய ஷாக் அப்சார்பர் அதை அடக்காது. கட்டோடு ஷாக்கும் பட்ஜெட்டில் இல்லையென்றால் பணம் சேரும்வரை பொறுத்திருங்கள்.

ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே வைக்கும் காற்றுப் பையான ஏர் பேக் எப்போதாவது ஏறும் சுமைக்கு அருமை. காலியில் 5 பி.எஸ்.ஐ. அளவில் வைத்துவிட்டு, டிரெய்லர் மாட்டும் நாளில் ஏற்றிக்கொள்ளலாம். இரண்டு பேக்குக்கும் தனித்தனிக் குழாய் இழுங்கள். ஒரே குழாயில் இணைத்தால் வளைவில் ஒரு பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடி வண்டி சாயும். இதன் பெரிய ஆபத்து சேசிஸில். பட்டை தன் சுமையை முன் முனையைப் பிடிக்கும் ஹேங்கர், பின் முனையைத் தொங்கவிடும் ஷேக்கிள் என இரு இடத்தில் சேசிஸுக்குக் கொடுக்கிறது. பேக்கோ ஆக்சிலுக்கு நேர் மேலே ஒரே புள்ளியில் முட்டுக்கொடுக்கிறது. வாலில் கனம், முழுக் காற்று, மேலே வரிப்பள்ளச் சாலை என்று சேர்ந்தால் அந்த இடத்திலேயே சேசிஸ் வளையும். ஆஸ்திரேலியாவில் டபுள் கேப் பிக்கப்புகளுக்கு இது நன்கு தெரிந்த நோய். படுத்துப்போன பட்டையைத் தூக்கி நிறுத்த ஏர் பேக் போடுவது தவறு.

பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே வைக்கும் லிஃப்ட் பிளாக், நீள ஷேக்கிள் இரண்டும் உயரம் மட்டுமே தரும், தாங்குதிறன் தராது. ஷேக்கிளை 50 மி.மீ. நீட்டினால் வண்டி ஏறுவது 25தான். கூடவே பின் ஆக்சிலில் ஷாஃப்ட் சேரும் பினியன் கோணமும் மாறிப் புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதிரும். இவற்றை ஒதுக்கிவிடலாம்.

முன்பக்கம் சுருக்கமாக. பம்பரும் வின்ச்சுமாக 100 கிலோ ஏறியிருந்தால் அதற்கேற்ற காயில் போடுங்கள். ஸ்ட்ரட் (காயிலும் ஷாக்கும் சேர்ந்த முன்பக்கத் தூண்) தலையில் வைக்கும் ஸ்பேசரைத் தவிருங்கள். 25 மி.மீ. ஸ்பேசர் சக்கரத்தில் ஏறத்தாழ இரு மடங்காக இறங்கும், சக்கரம் தொங்கும்போது சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட்டின் மூட்டான சி.வி. ஜாயின்ட்டின் கோணம் எல்லை மீறி, அதன் ரப்பர் உறையான பூட் கிழியும். முன்பக்க உயர்வை 40 மி.மீ.யோடு நிறுத்தி, உடனே வீல் அலைன்மென்ட் பாருங்கள்.

எந்தப் பட்டை போட்டாலும் ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை ஒரு கிலோகூட உயராது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவையும், கம்பெனி விவரத்தோடு முரண்படும் மாற்றம் கூடாது என்ற உச்ச நீதிமன்றத்தின் 2019 தீர்ப்பையும் மனதில் வைத்து உயரத்தை முடிவு செய்யுங்கள்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை: பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட் நான்கும் புதிதாக இருக்க வேண்டும், ஒருமுறை இழுபட்டவை மறுபடி பிடி தராது. பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் மேடையின் துளையில் முழுசாக உட்கார்ந்த பிறகே குறுக்கு வரிசையில் முறுக்குங்கள். பட்டை முனைகளில் ரப்பர் புஷ்ஷைப் பிடிக்கும் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கவே கூடாது. வண்டியைத் தரையில் இறக்கி, நாலு முறை அமுக்கிவிட்டு, தன் உயரத்தில் நிற்கும்போது மேனுவலில் உள்ள டார்க்கில் (முறுக்கு அளவில்) இறுக்குங்கள். இல்லாவிட்டால் ரப்பர் முறுகியே நின்று சீக்கிரம் கிழியும். பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். ஒயர், டிஃப் பிரீதர் (டிஃபரென்ஷியலின் காற்றுப்போக்கி) குழாய் மூன்றும் முழுத் தொங்கலில் இழுபடுகின்றனவா என்று பாருங்கள். சுமையறிந்து பின்பிரேக்கைக் கட்டுப்படுத்தும் வால்வு உள்ள மாடல் என்றால் அதன் கம்பியையும் சரிசெய்ய வேண்டும். உயர்ந்த வண்டியைக் காலி வண்டி என்று நினைத்து அது பின்பிரேக்கைக் குறைத்துவிடும்.

500 கி.மீ. ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி முறுக்கி, ஹப் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து பாருங்கள். இரு பக்கமும் சமமாக 10 மி.மீ. இறங்கியிருந்தால் பட்டை உட்கார்ந்திருக்கிறது, கவலையில்லை. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் முன்னோ பின்னோ நகர்ந்து தெரிந்தால் சென்டர் போல்ட் வெட்டுப்பட்டிருக்கிறது. வண்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.