கல்யாண போட்டோகிராபரைப் பேசி முடிக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்: முக்கால் பங்கு பணம் போச்சு

"மீதித் தொகையைப் போட்டுவிட்டால்தான் ஆல்பம் பிரின்டுக்குப் போகும் சார்." என் தங்கையின் கல்யாணத்தைப் படம் பிடித்த ஸ்டூடியோவிலிருந்து இன்று காலை வந்த மெசேஜ் இது. பேசிய தொகையில் முக்கால் பங்கை ஏற்கனவே வாங்கிக்கொண்டவர்கள், சடங்கின் முக்கியமான நேரத்துப் படங்களையே தொலைத்தவர்கள், இன்னும் ஒரு தாள்கூட அச்சடித்துக் கொடுக்காதவர்கள் மீதிப் பணம் கேட்கிறார்கள்! அடுத்த முகூர்த்தத்துக்கு இதே ஆட்களிடம் இன்னொரு குடும்பம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும். அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

கல்யாண ஏற்பாட்டாளர்களைப் பட்டியல் போட்டுக் காட்டும் தளங்களில் ஒன்று. அதில் 'சரிபார்க்கப்பட்டவர்' என்ற அடையாளத்தோடு இருந்த ஸ்டூடியோ. நேரில் போனபோது மேசையில் ஒரு மாதிரி ஆல்பத்தைப் பிரித்து வைத்தார்கள். தடித்த தாள், நடுவில் மடிப்பே தெரியாத இரட்டைப் பக்கம், சருமத்தின் நிறம் அவ்வளவு இயல்பு. "தங்கச்சி கல்யாணமா சார்? அப்ப இது நம்ம வீட்டுக் கல்யாணம். நீங்க எதுக்கும் கவலைப்படாதீங்க" என்றார் உரிமையாளர். அந்த ஒரு வார்த்தையில்தான் வீட்டில் எல்லோரும் விழுந்தார்கள். அங்கேயே பாதிப் பணம், கல்யாணத்தன்று காலையில் இன்னொரு கால் பங்கு. ஆக முக்கால் பங்கு.

இவர்களிடம் கேள்வி கேட்கப்படாமல் இல்லை. கேட்ட எல்லாவற்றுக்கும் "இருக்கு சார்" என்ற பதில் வந்தது. பாதிக் கேள்விக்கு அது பொய்யும் இல்லை. ஆமாம், இருக்கு என்று சொல்லித் தப்பிக்கக்கூடிய கேள்வியால் ஒரு பயனும் கிடையாது. காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். எங்கெங்கே என்று சொல்கிறேன்.

முதலில் மெமரி கார்டு. "கேமராவில் இரண்டு கார்டு போடுவீர்களா?" என்று கேட்டதற்கு "இரண்டு கார்டுதான் சார்" என்றார்கள். உண்மை, இரண்டு கார்டு இருந்தது. ஆனால் கார்டு செருக இரண்டு ஸ்லாட் உள்ள கேமராவை முக்கியமாக இரண்டு விதமாக வைக்கலாம். ஒன்று பேக்கப்: ஒவ்வொரு படமும் ஒரே நேரத்தில் இரண்டு கார்டிலும் பதிவாகும். இன்னொன்று ஓவர்ஃப்ளோ: முதல் கார்டு நிரம்பிய பிறகுதான் இரண்டாவதில் எழுதும். இவர்கள் வைத்திருந்தது இரண்டாவது விதம். சடங்கு முழுக்கப் பதிவான முதல் கார்டு கெட்டுப்போனது. இரண்டாவது கார்டில் இருந்தவை விருந்து நேரத்துப் படங்கள் மட்டும். எனவே கேமராவை எடுத்து மெனுவில் அந்த இடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தொழில் தெரிந்தவருக்கு அரை நிமிட வேலை. தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வயிறு எரிவது இதற்குப் பிறகு நடந்ததைக் கேட்டுத்தான். கார்டில் கோளாறு வந்தாலோ தவறுதலாக ஃபார்மேட் ஆனாலோ படங்கள் உடனே அழிந்துவிடுவதில்லை. பெரும்பாலும் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணைதான் போகும்; படத்தின் தரவு, அதன் மேல் புதிதாக எழுதப்படும் வரை அப்படியே கிடக்கும். அந்த நொடியே கார்டைக் கழற்றித் தனியாக வைத்துவிட்டால் போட்டோரெக் போன்ற இலவச மென்பொருளே பெரும்பகுதியை மீட்டுவிட வாய்ப்பு உண்டு. இவர்கள் என்ன செய்தார்கள்? அதே கார்டை மறுபடி ஃபார்மேட் செய்து அடுத்த விழாவைப் படம் பிடித்திருக்கிறார்கள். மீட்பு வேலை செய்பவர் கார்டைத் திறந்ததும் வந்தவை யாரோ ஒருவர் வீட்டுக் குழந்தையின் பிறந்தநாள் படங்கள்.

எஞ்சிய படங்களாவது உருப்படியா என்றால் அதுவும் இல்லை. தங்கை அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிற ஒரு படம், முகத்தில் அவ்வளவு உயிர். அதன் குறுக்கே நெற்றியில் ஒன்று, மூக்கில் ஒன்று, தாடையில் ஒன்று என்று இருண்ட பட்டைகள். "லைட்டிங் சரியில்ல சார், மண்டபத்துக்காரங்கள கேளுங்க" என்றார்கள். மண்டபத்தின் மேல் பழி போடுகிற வேலை இது. எல்இடி விளக்குகள் பல, கண்ணுக்குத் தெரியாமல் துடித்துக்கொண்டே இருக்கும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 100 முறை, 60 என்றால் 120 முறை. ஷட்டர் என்பது சென்சாரில் எவ்வளவு நேரம் வெளிச்சம் பதிவாக வேண்டும் என்று தீர்மானிப்பது. திரை எதுவும் அசையாத, சத்தம் வராத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் பெரும்பாலான கேமராக்களின் சென்சார் படத்தை வரிவரியாகப் படிக்கும். விளக்கு மங்கிய கணத்தில் படிக்கப்பட்ட வரிகள் இருண்ட பட்டையாக விழும். படத்தின் உள்விவரத்தைத் திறந்து பார்த்தால் ஷட்டர் வேகம் 1/1600 நொடி! அந்த விளக்குகளின் கீழ் திரை நிஜமாகவே திறந்து மூடும் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, வேகத்தை 1/100 அல்லது 1/120 அருகில் வைத்து, விளக்கின் துடிப்பைப் பார்த்துப் படம் எடுக்கும் ஆன்டி ஃப்ளிக்கர் வசதியைப் போட்டிருந்தால் பெரும்பாலும் தப்பித்திருக்கும். மேடையில் இரண்டு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். எடிட்டிங்கில் இதைச் சரிசெய்வது பெரும்பாடு, முகத்தின் மேல் விழுந்தால் அநேகமாக முடியாது. போட்டோகிராபரைப் பார்க்கும்போது "எல்இடி மேடையில் எப்படி எடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். ஷட்டரைப் பற்றிப் பேசாமல் "பாத்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால் அவருக்குத் தெரியாது.

மாதிரி ஆல்பத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதில் இருப்பவை பல கல்யாணங்களிலிருந்து பொறுக்கி எடுத்த படங்கள். வேறு யாரோ எடுத்தவையாகவும் இருக்கலாம். ஒரே கல்யாணத்தின் முழுத் தொகுப்பையும், காலை முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை, காட்டச் சொல்ல வேண்டும். அதிலும் வெளிச்சம் குறைந்த மண்டபத்தில் எடுத்த ஒன்றை. தோட்டத்தில் மாலை வெயிலில் யார் எடுத்தாலும் படம் அழகாக வரும். சந்தேகம் இருந்தால் இணையத்தில் அவர்கள் போட்டிருக்கும் படங்களில் நான்கைந்தை எடுத்து, படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸில் தேடிப் பாருங்கள். வேறு நாட்டு ஸ்டூடியோவின் பக்கம் வந்து நிற்கக்கூடும்.

அந்த ஆல்பத்தை எடுத்த கையே நம் வீட்டுக்கு வரும் என்பதும் நிச்சயமில்லை. பேசியது உரிமையாளர், கல்யாணத்தன்று வந்து நின்றது முன்பின் பார்த்திராத இரண்டு பையன்கள். ஒப்பந்தத்தில் "எங்கள் குழு" என்று மட்டும் இருந்ததால் ஒன்றும் கேட்க முடியவில்லை. அந்த இரண்டு கேமராவின் கடிகாரங்களைக்கூட ஒன்றோடொன்று பொருத்திக்கொள்ளவில்லை. ஒன்றில் நேரம் முன்னே, இன்னொன்றில் பின்னே. நேர வரிசையில் அடுக்கினால் விடைபெறும் படத்துக்கு அப்புறம் விருந்துப் படம் வருகிறது.

அடுத்து அவர்கள் அனுப்பிய லிங்க். "எல்லாப் படமும் ஃபுல் குவாலிட்டி" என்றார்கள். இறக்கிப் பார்த்தால் நீளவாக்கில் 1600 பிக்சல். நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். 1600 பிக்சலில் சுமார் ஐந்தேகால் அங்குலம்தான் தேறும். 12-க்கு 18 அங்குலத்தில் ஒரு பக்கம் போட 3600-க்கு 5400 வேண்டும். ரா ஃபைலை, அதாவது கேமரா சுருக்காமல் பதிவு செய்யும் மூலப் படத்தைக் கேட்டால் "அது யாருக்கும் கொடுக்கறதில்ல சார்". அது பல ஸ்டூடியோக்களின் வழக்கம்தான், அதில் தவறில்லை. ஆனால் ராவில் எடுக்கவே இல்லை என்பது பிறகுதான் வெளிவந்தது. 14 பிட் ராவில் ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிகள் இருக்கும், வழக்கமான சுருக்கிய படமான ஜேபெக்கில் 256. மேடையின் ஊதா விளக்கு முகத்தில் விழுந்த படங்களை ராவில் ஓரளவு மீட்கலாம். ஜேபெக்கில் முகம் ஊதாவாகவே நிற்கும், நிற்கிறது.

ஆல்பம் பேச்சுக்கு வருவோம். வாயால் பேசியது 40 ஷீட். ஒரு ஷீட் என்றால் இரண்டு பக்கம், ஆக 80 பக்கம். வந்த டிசைனில் 40 பக்கம். "நாற்பதுன்னா பக்கம்தான் சார்" என்கிறார்கள். ரசீதில் வெறுமனே 40 என்று எழுதியிருக்கிறார்கள்! டெலிவரி தேதியிலும் இதே சூது. "செலக்ஷன் முடிந்து 60 நாளில்" என்று இருந்தது. செலக்ஷன் என்றால் ஆல்பத்துக்கான படங்களை நாம் தேர்ந்தெடுப்பது; அதற்கு லிங்க் வேண்டும். லிங்க் அனுப்புவதற்குத்தான் தேதியே கிடையாது. கல்யாணத் தேதியிலிருந்து நாள் எண்ணும்படி எழுதி வாங்கினால்தான் அது கெடு.

போன் பண்ணினால் முதலில் எடிட்டர் லீவு. அப்புறம் சிஸ்டம் ஹேங். அப்புறம் "சீசன் சார், புரிஞ்சுக்கங்க". உரிமையாளர் போனை எடுப்பதே இல்லை. எடுக்கிற பெண் "சார்கிட்ட சொல்றேன் அண்ணா" என்று வைத்துவிடுகிறார். அந்தத் தளத்துக்கு எழுதினால், அந்த அடையாளம் போன் நம்பரையும் வங்கிக் கணக்கையும் சரிபார்த்ததற்கு மட்டும்தானாம், வேலையின் தரத்துக்கு அவர்கள் பொறுப்பில்லையாம், "நாங்கள் இணைத்துவிடுபவர்கள் மட்டுமே". முக்கால் பங்கு பணம் வாங்கும்போது எல்லோரும் இருந்தார்கள். தளத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு எழுதிய விமர்சனமும் இரண்டே நாளில் காணாமல் போனது.

விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. அவசரமாகச் சில.

முக்கால் பங்கை முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். முன்பணம் கொஞ்சம், விழாவன்று கொஞ்சம், ஆல்பமும் வீடியோவும் கையில் வந்த பிறகு குறைந்தது மூன்றில் ஒரு பங்கு. ஸ்டூடியோ பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள், ரசீதில் விழாத் தேதி இருக்கட்டும்.

படம் எடுக்க வருபவரின் பெயர், அவர் வர முடியாவிட்டால் யார், எத்தனை கேமரா, எத்தனை மணி நேரம், எடிட் செய்த படங்கள் எத்தனை, எந்தப் பிக்சல் அளவு, ஷீட்டா பக்கமா, டிசைனில் எத்தனை முறை திருத்தம், படங்கள் தொலைந்தால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்று எல்லாம் எழுத்தில். "அதெல்லாம் நம்பிக்கை சார்" என்று சொல்பவரிடம் பேச்சை நிறுத்துங்கள்.

வீடியோவுக்கு ஒலியைத் தனி மைக்கில் பதிவு செய்வார்களா என்று கேளுங்கள். கேமரா மைக்கில் கூட்டத்தின் இரைச்சல்தான் கேட்கும்.

கடைசியாக, ஒரு டிபி ஹார்டு டிஸ்க் வாங்கி மண்டபத்துக்கு எடுத்துப் போங்கள். கிளம்பும் முன் எல்லாக் கார்டையும் அதில் காப்பி செய்துவிட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ராவில் 3000 படம் எடுத்தாலும் சுமார் 90 ஜிபி. 4கே வீடியோ நொடிக்கு 100 மெகாபிட்டில் ஓடினால் மணிக்கு 45 ஜிபி. தாராளமாகக் கொள்ளும். காப்பி ஆகும்வரை உங்கள் ஆள் ஒருவர் பக்கத்திலேயே நிற்கட்டும், முடிந்ததும் நாலு ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.