இறங்காத காய்ச்சல்: பிளட் கல்ச்சரா, பிசிஆரா?

வார்டில் காய்ச்சல் இறங்காமல் கிடப்பவருக்கு பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியைப் பாட்டிலில் வளர்த்துப் பார்ப்பது), பிசிஆர் (கிருமியின் டிஎன்ஏவைத் தேடுவது) இரண்டில் எதைச் செய்வது என்று குழம்புகிறவர்களுக்கு:

நேரம்: கல்ச்சர் பாட்டிலை வழக்கமாக 5 நாள் வரை வைத்துப் பார்ப்பார்கள், பெரும்பாலான கிருமிகள் 48 மணி நேரத்துக்குள் தலைகாட்டிவிடும். பிசிஆருக்குச் சில மணி நேரம்.

கல்ச்சரில் சிக்காத கிருமிகள்: ஸ்க்ரப் டைபஸ், கியூ காய்ச்சல் கிருமிகள் செல்லுக்குள்தான் பெருகும், சாதாரணக் கல்ச்சரில் வராது. பிசிஆர் பிடிக்கும், ஆனால் தேடச் சொன்னதை மட்டும். செத்த கிருமியின் டிஎன்ஏவையும் காட்டும்.

செலவு: பிசிஆர் பேனலுக்குத்தான் (ஒரே சோதனையில் பல கிருமிகளைத் தேடுவது) அதிகம்.

மருந்துத் தேர்வு: இங்கே கல்ச்சர்தான். எந்த ஆன்டிபயாடிக் கேட்கும் என்று முழுதாகச் சொல்ல, வளர்ந்த கிருமி கையில் வேண்டும். அதனால்தான் முதல் டோஸுக்கு முன்பே, இரண்டு இடங்களில் ஊசி குத்தி, பெரியவர்களுக்கு பாட்டிலுக்கு 8–10 மி.லி. எடுக்கச் சொல்கிறார்கள், ரத்தம் குறைந்தால் கிருமி தவறிப்போகும்.

ஆன்டிபயாடிக் ஏற்கெனவே போட்டாயிற்று, அல்லது கல்ச்சரில் சிக்காத கிருமி என்று சந்தேகம் என்றால் பிசிஆரையும் சேருங்கள். கல்ச்சரை எந்த நிலையிலும் விட்டுவிடாதீர்கள்.