பாரிமுனைத் தெருக்களுக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள்

சென்னையில் நடந்து பார்க்க நல்ல தெரு எது என்று கேட்டால் பலரும் மயிலாப்பூர் மாட வீதிகளைச் சொல்வார்கள், இல்லையென்றால் பாண்டி பஜார் நடைபாதையைச் சொல்வார்கள். இரண்டும் நல்ல இடங்கள்தான். ஆனால் என் ஓட்டு பாரிமுனைக்கு. அதிலும் ஆர்மீனியன் தெருவுக்கும் ஆண்டர்சன் தெருவுக்கும். பெரம்பூரில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். காகிதம் வாங்க அங்கேதான் போயாக வேண்டும். சரக்கை ஏற்றி அனுப்பிய பிறகும் உடனே வீடு திரும்ப மனசு வராது.

முதலில் ஒரு வேண்டுகோள். இந்தப் பகுதியைச் சுற்றிப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை காலைதான் நல்லது, கூட்டம் இருக்காது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அக்கா மகள் ஆசைப்பட்டாள் என்று, கட்டணம் வாங்கிக்கொண்டு கூட்டிப்போகும் நடை ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை நானும் சேர்ந்துகொண்டேன். வழிகாட்டிய தம்பி நன்றாகப் படித்துவிட்டு வந்திருந்தார், வருஷமெல்லாம் சரியாகச் சொன்னார். ஆனால் தெரு முழுக்க ஷட்டர் இறங்கிக் கிடந்தது. மூடின கடைக்கு முன்னால் நின்று, இங்கே காகிதம் விற்பார்கள், அங்கே கண்ணாடி விற்பார்கள் என்று சொன்னால் கேட்கிறவருக்கு என்ன தெரியும்? கடைத்தெருவைக் கடை திறந்திருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். கொடுத்த பணத்துக்கு அந்த நடை தகாது என்பதே என் கருத்து. வேலை நாளில், பத்து மணிக்கு மேல், நீங்களாகவே போங்கள்.

போவது இப்போது சுலபம். 2019-இல் வண்ணாரப்பேட்டை வரை மெட்ரோ ஓடத் தொடங்கியதிலிருந்து உயர் நீதிமன்றம், மண்ணடி என்று இரண்டு நிலையங்கள் கிடைத்திருக்கின்றன. உயர் நீதிமன்றத்தில் இறங்கினால் என்.எஸ்.சி. போஸ் சாலையைக் கடந்து ஆர்மீனியன் தெருவுக்குள் நுழைந்துவிடலாம். பழைய ஆட்கள் அரண்மனைக்காரத் தெரு என்பார்கள்.

தெருவில் நுழைந்ததும் ஆர்மீனிய தேவாலயத்தைத் தேடுங்கள். 1772-இல் கட்டியது. தெருவில் ஆட்டோவும் ஸ்கூட்டரும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருக்கும், அந்த வாசலைத் தாண்டி நாலடி வைத்தால் சத்தம் அடங்கிவிடும். உள்ளே முற்றத்தில் மரநிழல், தரையில் ஆர்மீனிய எழுத்துப் பொறித்த கல்லறைக் கற்கள். தேவாலயக் கட்டடத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கும் மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள். அவற்றில் ஒன்றில் தமிழ் எழுத்து உண்டு. இந்த மணிகளை அடிப்பது மட்டும் ஞாயிறு காலையில். அதைக் கேட்க வேண்டுமானால் தனியாக ஒரு நாள் வாருங்கள். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726-இல் மர்மலாங் பாலத்தைத் தன் காசில் கட்டிய உஸ்கான் ஒரு ஆர்மீனிய வணிகர். பரங்கிமலைக்கு ஏறும் படிகளும் அவர் கொடுத்தவைதான். இத்தனை செய்தவர்களின் பெயர் இந்த ஊரில் இந்தத் தெருவிலும் தேவாலயத்திலும்தான் மிஞ்சியிருக்கிறது.

இங்கே ஒரு கல்லறை எனக்கு ரொம்ப முக்கியம். ஹருத்யூன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார் 1794-இல் 'அஸ்தரார்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். உலகத்திலேயே ஆர்மீனிய மொழியில் வந்த முதல் பத்திரிகை அது. ஆர்மீனியாவில் இல்லை, நம் சென்னையில் எழுத்துக் கோத்து, இங்கேயே அச்சடித்தது. அவர் இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். அச்சு மை கையில் ஒட்டிய யாரும் அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிற்பார்கள். நான் ஒவ்வொரு முறையும் நிற்கிறேன்.

அதே தெருவில் கச்சாலீஸ்வரர் கோயில் இருக்கிறது, புனித மேரி இணைப் பேராலயம் இருக்கிறது, அன்னி பெசன்ட் பேசிய கோகலே மண்டபமும் இருக்கிறது. பேராலயத்தை அந்தோணியார் கோயில் என்றால்தான் பலருக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை அங்கே கூட்டம் நெரியும். பக்தி இருந்தால் அன்று போகலாம். நடக்க மட்டும் என்றால் வேறு நாள் பாருங்கள்.

அப்புறம் பிராட்வேயைக் கடந்து ஆண்டர்சன் தெரு. அகலம் கிடையாது, அழகான கட்டடமும் கிடையாது. ஆனால் காகிதம் என்ற பொருள் இத்தனை வகைப்படும் என்பதை இங்கேதான் பார்க்க முடியும். கடைக்காரர் ஒரு தாளை உருவி, மூலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார். அப்புறம் தாளை ஒரு உதறு உதறுவார். நல்ல பாண்டு பேப்பர் விறைப்பாகச் சடசடக்கும், சாதாரணத் தாள் தொளதொளவென்று விழும். மேல்பூச்சுள்ள ஆர்ட் பேப்பர் 130 ஜிஎஸ்எம்மா (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) 170-ஆ என்பதைப் பழகின கை தொட்டே சொல்லிவிடும். கனமான அட்டை வாங்கினால் அதன் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மடித்துப் பார்த்துத்தான் தருவார்கள். நாருக்குக் குறுக்கே மடித்தால் மடிப்பில் மேல்பூச்சு வெடித்து, பத்திரிகை முதுகில் வெள்ளைக் கோடு விழுந்துவிடும். இந்தப் பாடத்தை எனக்கு எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை, இந்தத் தெருதான் சொல்லித் தந்தது.

வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்களும் தாராளமாக வரலாம். மாதிரி அட்டைகளைப் பரப்பி வைத்துக் காட்டுவார்கள், சலித்துக்கொள்ள மாட்டார்கள். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: தங்க நிறப் பத்திரிகையைக் கடை விளக்கில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் பாருங்கள். உள்ளே பளபளத்தது வெளியே பித்தளையாகத் தெரியும். ஆவணி, தை முகூர்த்தங்களுக்கு முந்தைய வாரங்களில் நிதானமாகப் பேச நேரம் கிடைக்காது, முன்கூட்டியே வந்துவிடுங்கள்.

மீன்பாடி வண்டி என்ற மூன்று சக்கர மிதிவண்டியில் காகிதத்தை ரீம் ரீமாக ஏற்றி, ஒருவர் மிதிக்க ஒருவர் பின்னால் தள்ளிக்கொண்டு வருவார்கள். "வழி, வழி!" என்ற குரல் கேட்டால் படம் எடுப்பதை விட்டுவிட்டு உடனே ஒதுங்குங்கள். பாரம் ஏற்றிய வண்டிக்கு நினைத்த இடத்தில் நிற்க வராது. அந்த மனிதர்களின் உழைப்பில்தான் நம் வீட்டு நோட்டுப் புத்தகம் வரைக்கும் வந்து சேர்கிறது.

இன்னும் மேற்கே நடந்தால் தேவராஜ முதலி தெருவில் கண்ணாடியும் படச் சட்டங்களும், நைனியப்ப நாயக்கன் தெருவில் வாசனைத் திரவியங்கள், கோடவுன் தெருவில் துணி. நைனியப்ப நாயக்கன் தெருவை மூக்கே கண்டுபிடித்துக் கொடுத்துவிடும். துணி வாங்கும் எண்ணம் இல்லாதவர்கள் கோடவுன் தெருவை விட்டுவிடலாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நடைபாதை என்று ஒன்று இருக்கிறதே தவிர, அதில் பைக்கும் சரக்கு மூட்டையும்தான் நிற்கின்றன. நடப்பவர் நடுத்தெருவுக்கு இறங்கியே ஆக வேண்டும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்து வராதீர்கள். கழிப்பறை பெரிய கஷ்டம், பெண்களுக்கு இன்னும் அதிகம். மெட்ரோ நிலையத்திலேயே போய்விட்டு வெளியே வருவது நல்லது. ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கும், சாலைக் குழி எங்கே என்று தெரியாது. இருநூறு முந்நூறு வருஷக் கதை உள்ள தெருக்களில் மனிதன் நடக்க மூன்றடி இடம் விடாதது எனக்கு மனவருத்தம்தான். பாண்டி பஜாரில் முடிந்தது இங்கேயும் முடியும்.

சாயங்காலம் கிழக்கே திரும்புங்கள். வழியில் தம்பு செட்டி தெருவில் காளிகாம்பாளைக் கும்பிட்டுக்கொள்ளலாம். 1677-இல் சத்ரபதி சிவாஜி வந்து தரிசித்த கோயில், பாரதியும் வந்து வணங்கியிருக்கிறார். அங்கிருந்து இரண்டாவது கடற்கரைச் சாலைப் பக்கம் போனால் அத்தோ வண்டிகள். 1962-க்குப் பிறகு பர்மாவிலிருந்து சொத்தை விட்டுவிட்டு வந்த தமிழர்கள் கையோடு கொண்டுவந்த சாப்பாடு இது. அவர்களுக்காக 1969-இல் ஏற்பட்ட பர்மா பஜாரும் பக்கத்தில்தான்.

காவி நிற நூடுல்ஸைக் கிண்ணத்தில் போட்டு, முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், நொறுக்கின தட்டை எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசைவார்கள். கரண்டி படாது. கூடவே வாழைத்தண்டு போட்ட சூடான சூப். முட்டை மசாலா என்பது அவித்த முட்டையைக் கீறி, அதற்குள் வறுத்த வெங்காயத்தைத் திணித்து, புளித்தண்ணீர் விட்டுத் தருவது. அதை ஒரே வாயில் போட வேண்டும், கடித்தால் சட்டை போய்விடும். காரம் தாங்காதவர்கள் பிசைவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அசைவம் சாப்பிடாதவர்கள் முட்டை இல்லாமல் கேட்டால் போட்டுத் தருகிறார்கள். சாப்பிட்டு முடித்துத் திரும்ப மண்ணடி நிலையம் நடக்கிற தூரம்தான்.